தண்ணீருக்குள் தண்ணீரைத் தேடுவது

பசும்பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். மாடு தொட்டியில் குடித்த தண்ணீர்தான் ரத்தத்தில் கலந்து, மடிக்கு வந்து, பாலாகச் சுரக்கிறது. கறந்த பாலைக் கொண்டுபோகும் வழியில் யாரோ ஒருவர் குழாயடியில் வண்டியை நிறுத்தி ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருந்ததும் தண்ணீர், ஊற்றியதும் தண்ணீர். கலந்த பிறகு எது மடியிலிருந்து வந்தது, எது குழாயிலிருந்து வந்தது என்று எந்த ஆய்வுக்கூடமும் பிரித்தெடுத்துக் காட்ட முடியாது. ஆனாலும் பாலில் தண்ணீர் கலந்ததாக உணவுப் பாதுகாப்பு அலுவலர்கள் வழக்குப் போடுகிறார்கள், அபராதமும் விழுகிறது. எதை வைத்து?

சட்டம் இந்தச் சிக்கலை ஒரு குறுக்கு வழியில் கடக்கிறது. தண்ணீர் கலந்தாயா என்று அது கேட்பதில்லை. இருக்க வேண்டியது இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையத்தின் விதிப்படி பசும்பாலில் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும், 8.3 சதவீதம் இதரச் சத்தும் இருக்க வேண்டும். இதரச் சத்து என்பது கொழுப்பையும் தண்ணீரையும் கழித்த பின் மிஞ்சும் திடப்பொருள்: புரதம், பால் சர்க்கரை, தாது உப்புகள். பால் சொசைட்டிகளில் இதை எஸ்.என்.எஃப். என்பார்கள். பாக்கெட் பாலுக்கும் இதே போலத்தான். ஆவினின் நீல பாக்கெட்டில் 3 சதவீதக் கொழுப்பு, 8.5 இதரச் சத்து; பச்சையில் 4.5, 8.5, ஆரஞ்சில் 6, 9. அளவு இதற்குக் கீழே போனால் அந்தப் பால் 'தரம் குறைந்தது'. குறைந்ததற்குக் காரணம் தண்ணீரா, பாலாடையை எடுத்ததா என்பது அடுத்த கேள்வி.

தூய்மையை நேராக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. தூய்மைக்குப் பதிலாக நிற்கும் ஓர் எண்ணைத்தான் அளக்க முடியும். பால் கலப்படத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறும், அதைத் தடுக்கும் அரசுகளின் வெற்றியும் தோல்வியும் இந்த ஒரு விஷயத்தில் அடங்கியிருக்கின்றன. எந்த எண்ணுக்கு நாம் காசு கொடுக்கிறோமோ, கலப்படக்காரர் அந்த எண்ணைத்தான் குறிவைப்பார்.

முதலில் வந்த எண் அடர்த்தி. அதிகாலையில் எந்தக் கிராமத்துப் பால் சொசைட்டிக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். கேனிலிருந்து ஓர் உயரமான குழல் பாத்திரத்தில் பாலை எடுத்து, அடியில் ஈயக்குண்டு வைத்த கண்ணாடி மிதவையை அதில் மெல்ல விடுவார்கள். அது மேலும் கீழும் ஆடி நிற்கும் இடத்தில் கோட்டைப் பார்த்து "இருபத்தெட்டு டிகிரி" என்பார் பரிசோதகர். இதுதான் பால்மானி. 28 என்றால் ஒரு லிட்டர் தண்ணீரைவிட ஒரு லிட்டர் பால் 28 கிராம் அதிக எடை என்று பொருள். நல்ல பால் பெரும்பாலும் 28-க்கும் 32-க்கும் நடுவில் நிற்கும். தண்ணீர் சேரச் சேரப் பால் இலேசாகும், மிதவை ஆழமாக அமிழும், டிகிரி இறங்கும்.

இதை ஏமாற்ற ஒரு பழைய வழி உண்டு. பாலிலுள்ள பொருள்களில் கொழுப்பு மட்டும் தண்ணீரைவிட இலேசானது. புரதமும் சர்க்கரையும் உப்பும் கனமானவை. ஆகவே மேலே படியும் பாலாடையை எடுத்துவிட்டால் மிச்சப் பால் கனக்கும், டிகிரி ஏறும். ஏறிய டிகிரியை இறக்கத் தண்ணீர் ஊற்றினால் போதும். ஆடையும் போய், தண்ணீரும் சேர்ந்த அந்தப் பால், பால்மானியில் நல்ல பாலின் இடத்திலேயே வந்து நிற்கும்! இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துவிடுகின்றன. ஒற்றை எண்ணை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

இதை உடைத்தவர்கள் இருவர். 1890-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஸ்டீபன் பாப்காக், அடுத்த சில ஆண்டுகளுக்குள் சுவிட்சர்லாந்தில் நிக்லவுஸ் கெர்பர். இருவரும் கொழுப்பைத் தனியே பிரித்து அளக்க எளிய வழி கண்டார்கள். நம் நாட்டில் பரவியது கெர்பர் முறை. கழுத்து நீண்ட கண்ணாடிக் குப்பியில் 10 மில்லி கந்தக அமிலம், அதன் மேல் பாலை அமிலத்தோடு சட்டென்று கலந்துவிடாமல் சுவரோரமாக ஒழுகவிட்டு 10.75 மில்லி, கடைசியாக ஒரு மில்லி அமைல் ஆல்கஹால். ரப்பர் அடைப்பான் போட்டுக் குலுக்கினால் குப்பி கையில் பிடிக்க முடியாத அளவுக்குச் சுடும். பால் கறுத்த பழுப்பாகும். அமிலம் புரதத்தையெல்லாம் கரைத்துவிடுகிறது. புரத உறை போனதும் கொழுப்புத் துளிகள் விடுபடுகின்றன. குப்பியைச் சுழல் இயந்திரத்தில் ஐந்து நிமிடம் சுற்றினால், கழுத்துப் பகுதியில் வெளிர் மஞ்சள் நிறத்தில் கொழுப்பு ஒரு கம்பம் போல நிற்கும். கழுத்தில் பொறித்த கோடுகளை எண்ணினால் அதுவே சதவீதம். எத்தனையோ சொசைட்டிகளில் இந்த வேலையை இப்போது மின்னணுக் கருவி அரை நிமிடத்தில் செய்துவிடுகிறது. ஆனால் அந்தக் கருவி சரியாகச் சொல்கிறதா என்று சரிபார்க்க இன்றும் இந்தக் குப்பிதான் வேண்டும்.

கொழுப்பும் தெரிந்து, டிகிரியும் தெரிந்தால் இதரச் சத்தைக் கணக்கிட்டுவிடலாம். ஆடையை எடுத்தால் கொழுப்பு காட்டிக்கொடுக்கும், தண்ணீர் ஊற்றினால் இதரச் சத்து காட்டிக்கொடுக்கும். விவசாயிக்குப் பணமும் இவ்விரண்டையும் வைத்தே கணக்காகிறது. கலப்படமும் அங்கேயே அடுத்த படிக்கு ஏறியது. தண்ணீரோடு ஏதாவது ஒரு திடப்பொருளையும் சேர்த்துவிட்டால்? சர்க்கரை, மாவு, உப்பு, யூரியா, மால்டோடெக்ஸ்ட்ரின் எனப்படும் வெள்ளை மாவுப்பொருள்… பாலில் கலந்து பிடிபட்ட பொருள்களின் பட்டியலை யாராவது வாசித்தால், இதையெல்லாம் எதற்குக் கலக்கிறார்கள் என்று நமக்குத் திகைப்பாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சோதனைக்கான பதில் என்று தெரிந்துகொண்டால் திகைப்பு விலகும்.

இந்த இடத்தில் மாட்டின் உடலே அரசுக்கு ஒரு நல்ல சாட்சியைத் தருகிறது. தண்ணீர் சுழியம் டிகிரி செல்சியஸில் உறையும். பால் அதற்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய மைனஸ் 0.52-லிருந்து மைனஸ் 0.54-க்குள் உறைகிறது. கொழுப்பின் அளவு மாட்டுக்கு மாடு மாறும். ஜெர்சிக்கு ஒன்று, நாட்டு மாட்டுக்கு ஒன்று, காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று. உறைநிலை மட்டும் அதிகம் அசையாது. காரணம், மடியில் ரத்தத்துக்கும் பாலுக்கும் நடுவே தண்ணீர் தடையில்லாமல் போய்வருகிறது. ஒரு பக்கம் கரைந்திருக்கும் துகள்கள் கூடினால், இரண்டு பக்கமும் சமமாகும் வரை தண்ணீர் அந்தப் பக்கம் நகரும். அதனால் பாலில் கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கை எப்போதும் ரத்தத்தோடு ஒத்துப்போகிறது. ரத்தத்தின் செறிவை மாட்டின் உடல் உயிரைக் காப்பது போலக் காக்கிறது; ஆகவே பாலின் செறிவும் தானாகவே காக்கப்படுகிறது. மடிநோய் கண்ட மாட்டில் பால் சர்க்கரை குறைந்துவிடும். அந்தக் குறையை ஈடுகட்ட ரத்தத்திலிருந்து உப்பு உள்ளே வரும். அந்தப் பால் உப்புக் கரிக்கும் என்பது மாடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சுவை மாறினாலும் உறைநிலை பெரிதாக மாறுவதில்லை.

இதை அளக்கும் கருவியை உறைநிலைமானி எனலாம். ஓரிரு மில்லி பாலைச் சின்னக் குழாயில் எடுத்து, உறைநிலைக்குக் கீழே மைனஸ் இரண்டு, மூன்று டிகிரி வரை ஆடாமல் அசையாமல் குளிர்விப்பார்கள். அசைவில்லாததால் பால் உறைய மறந்து திரவமாகவே இருக்கும். அந்த நேரத்தில் ஒரு கம்பி அதை அதிரவைக்கும். சட்டென்று பனிப் படிகங்கள் உருவாகும். உருவாகும்போது வெப்பம் வெளியாகும். வெப்பநிலை குதித்து மேலேறி, சரியாக உறைநிலையில் சற்று நேரம் நிற்கும். அந்த நிலையைக் கருவி டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை படித்துவிடும். நூற்றுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் உறைநிலை ஏறக்குறைய 0.005 டிகிரி மேலேறும். தண்ணீருக்குள் தண்ணீரைக் கண்டுபிடிக்க முடியுமா என்ற கேள்விக்கு இதுதான் உள்ளதிலேயே நேரான பதில்.

பால்மானியும் உறைநிலைமானியும் ஒரே பாலைப் பார்த்தாலும் வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. ஒன்று கரைந்திருப்பதன் எடையைப் பார்க்கிறது, மற்றொன்று துகள்களின் எண்ணிக்கையைப் பார்க்கிறது. மால்டோடெக்ஸ்ட்ரின் பெரிய மூலக்கூறு. ஒரு கரண்டி போட்டால் எடை ஏறும், ஆனால் துகள்கள் கொஞ்சம்தான். எடையில் தப்பித்து எண்ணிக்கையில் மாட்டிக்கொள்ளும். யூரியாவும் உப்பும் இதற்கு நேர் எதிர். சின்ன மூலக்கூறுகள் என்பதால் துளி சேர்த்தாலே எண்ணிக்கை கூடிவிடும், எடை கூடாது. எண்ணிக்கையில் தப்பித்து எடையில் மாட்டும். இரண்டையும் ஒருசேர ஏமாற்ற வேண்டுமென்றால் பெரியதும் சின்னதுமாகப் பல பொருள்களை அளந்து கலக்க வேண்டும். அப்படிக் கலந்த ஒவ்வொன்றையும் தனித்தனியே காட்டிக்கொடுக்க நிறச் சோதனைகள் இருக்கின்றன. யூரியாவுக்கு ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஒரு தேக்கரண்டி பாலில் அரைத் தேக்கரண்டி சோயா மாவோ துவரம் பருப்பு மாவோ போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிடம் கழித்துச் சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்தால், யூரியா கலந்திருக்கும் பாலில் தாள் நீலமாகும். பருப்பிலுள்ள நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்குவதால் வரும் நிறம் அது. இயற்கையான பாலிலும் கொஞ்சம் யூரியா உண்டு என்பதால், வழக்குக்கு இது போதாது. அங்கே அளவு தெரிய வேண்டும். விதி கிலோவுக்கு 700 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது.

கொழுப்புக்கும் இதரச் சத்துக்கும் பதிலாகப் புரதத்துக்குக் காசு கொடுத்தால் என்ன ஆகும் என்பதைச் சீனா 2008-ல் பார்த்தது.

புரதத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் முறையை 1883-ல் யோஹன் கெல்டால் என்ற டென்மார்க் வேதியியலாளர் கண்டுபிடித்தார். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். பாலிலுள்ள கொழுப்பிலும் சர்க்கரையிலும் நைட்ரஜன் கிடையாது, புரதத்தில் உண்டு. ஆகவே உணவை அமிலத்தில் கொதிக்கவைத்துச் சிதைத்து, அதிலுள்ள நைட்ரஜன் முழுவதையும் அம்மோனியாவாக்கி அளந்து, அதை 6.38-ஆல் பெருக்கினால் பால் புரதம் எவ்வளவு என்று வந்துவிடும். கல்யாண மண்டபத்துக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி இரண்டால் வகுப்பதைப் போன்ற வழி இது. எல்லோரும் செருப்போடு வந்து, வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போகும் வரை கணக்கு சரியாகவே இருக்கும். சாப்பாட்டு இலைக்கு இவ்வளவு என்று சமையல்காரருக்குப் பணம் தருகிறோம், இலை எத்தனை என்பதைச் செருப்பை எண்ணித்தான் முடிவு செய்கிறோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், நாலு சாக்குப் பழைய செருப்பைக் கொண்டுவந்து வாசலில் கொட்டுவது ஒன்றும் பெரிய காரியமில்லை.

அந்தச் சாக்குதான் மெலமைன். தட்டு, மேசைப் பலகை போன்றவற்றுக்கான பிளாஸ்டிக் செய்யும் வெள்ளைத் தூள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். கெல்டால் சோதனையில் ஒரு கிராம் மெலமைன், நான்கு கிராமுக்கும் மேற்பட்ட புரதம் போலக் காட்டும். சீனத்தில் அப்போது பால் நிறுவனங்கள் பெரும்பாலும் சின்னச் சின்ன விவசாயிகளின் பாலை இடைத்தரகர்களின் சேகரிப்பு நிலையங்கள் வழியாக வாங்கின. புரத அளவு எட்டாத பால் திருப்பி அனுப்பப்படும். தண்ணீர் ஊற்றிய பாலில் புரதம் எட்டாது. மெலமைன் போட்டால் எட்டிவிடும்.

பெரியவர்களின் உடல் கொஞ்சம் மெலமைனைச் சிறுநீரில் வெளியேற்றிவிடும். கைக்குழந்தைக்கு அது முடியவில்லை. குழந்தையின் சிறுநீரில் யூரிக் அமிலம் இயல்பாகவே அதிகம். மெலமைன் அதோடு சேர்ந்து, கரையாத படிகமாகிச் சிறுநீரகத்தை அடைத்தது. மேலும் பால்பவுடரில் வளரும் குழந்தைக்கு வேறு உணவே கிடையாது; காலையும் மாலையும் இரவும் அதே தூள். கல் அடைத்துச் சிறுநீர் பிரியாத குழந்தைகள் மருத்துவமனைகளுக்கு வரத் தொடங்கினார்கள். ஏறக்குறைய மூன்று லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், ஆறு குழந்தைகள் இறந்ததாகச் சீன அரசு ஒப்புக்கொண்டது. எந்தச் சோதனைக்கூடமும் அதற்கு முன்பே எச்சரிக்கவில்லை. குழந்தைகளின் உடல்தான் முதலில் கண்டுபிடித்தது. இதை எழுதும்போது எனக்குக் கோபம் அடங்கவில்லை.

விவகாரத்தின் நடுவில் இருந்த சான்லு நிறுவனத்துக்குத் தரமான நிறுவனம் என்று சொல்லி அரசின் வழக்கமான ஆய்விலிருந்து விலக்கு தரப்பட்டிருந்தது. அதில் 43 சதவீதப் பங்கு வைத்திருந்த நியூசிலாந்து நிறுவனம் ஃபொன்டெரா, விஷயம் தெரிந்து தன் அரசுக்குச் சொல்லி, அந்த அரசு பெய்ஜிங்குக்குச் சொன்ன பிறகே செப்டம்பரில் எல்லாம் வெளியே வந்தது. அதற்குப் பின் 109 நிறுவனங்களின் குழந்தைப் பால்பவுடரைச் சோதித்ததில் 22 நிறுவனங்களின் தூளில் மெலமைன் இருந்தது. சான்லு தலைவருக்கு ஆயுள் சிறை, கலப்படத்தில் ஈடுபட்ட இருவருக்கு 2009 நவம்பரில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்தியா சீனப் பால் பொருள்களின் இறக்குமதிக்குத் தடை போட்டது.

என்னை அதிகம் உறுத்துவது தண்டனைகளுக்கு முந்தைய கட்டம். கெல்டால் சோதனையின் இந்த ஓட்டை வேதியியலாளர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரியும். அடைக்கும் வழியும் தெரியும். பாலில் முதலில் ஓர் அமிலத்தைச் சேர்த்துப் புரதத்தைத் திரியவைத்து வடிகட்ட வேண்டும். வடிந்த தெளிவில் மிஞ்சும் நைட்ரஜன் புரதத்தினுடையது அன்று. அதைக் கழித்தால் உண்மைப் புரதம் கிடைத்துவிடும். கூடுதலாக ஒரு வடிகட்டல், ஒரு கழித்தல். 2007-லேயே அமெரிக்காவில் நாய், பூனைகளுக்கான தீவனத்தில், சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் பிடிபட்டு, செல்லப் பிராணிகள் இறந்திருந்தன. அடுத்த ஆண்டு குழந்தைப் பால்பவுடர். எச்சரிக்கை கையில் இருந்தும் சோதனை மாறவில்லை.

கலப்படக்காரரைத் துரத்துவதற்குப் பதிலாக, அவர் கையிலிருக்கும் பொருளிலேயே முன்கூட்டி அடையாளம் வைத்துவிடலாம். இந்தியா நெய் விஷயத்தில் இதைச் செய்தது, எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது. நெய்யில் வனஸ்பதியைக் கலப்பது பழைய தொழில். வனஸ்பதி தயாரிப்பாளர்கள் தங்கள் பொருளில் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தே ஆக வேண்டும் என்று அரசு விதித்தது. எள்ளிலுள்ள ஒரு பொருள், ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபுராலும் சேர்த்துக் குலுக்கியதும் ரோஜா சிவப்பாக மாறும். போடுவான் சோதனை என்று இதற்குப் பெயர். நெய் சிவந்தால் அதில் வனஸ்பதி உண்டு. விலை அதிகமில்லாத இரண்டு ரசாயனமும் ஒரு சோதனைக் குழாயும் போதும். இதிலும் ஓட்டை இல்லாமலில்லை. நல்லெண்ணெய் சேராத வேறு எண்ணெயையோ விலங்குக் கொழுப்பையோ கலந்தால் நெய் சிவக்காது. அப்போது பாலூட்டிகளில் அசைபோடும் விலங்குகளின் பால் கொழுப்பில் மட்டும் நிறைய இருக்கும் பியூட்ரிக் அமிலம் எவ்வளவு இருக்கிறது, தாவரங்களுக்கே உரிய ஸ்டெரால் இருக்கிறதா என்று தேட வேண்டிவரும். அதற்கு வாயுப் பகுப்புக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

கருவி சரியாகச் சொன்னாலும் நீதிமன்றத்தில் நிற்க வேண்டுமே! உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ல் நிறைவேறி, 2011 ஆகஸ்ட் 5 முதல் 1954-ம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்தது. அதன்படி அலுவலர் எடுக்கும் மாதிரி நான்காகப் பிரிக்கப்பட்டு முத்திரையிடப்படும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. தமிழ்நாட்டில் கிண்டி, தஞ்சாவூர் போன்ற இடங்களில் இதற்கான அரசு ஆய்வகங்கள் இருக்கின்றன. இரண்டு மாவட்ட நியமன அலுவலரிடம் இருக்கும். நான்காவதை, கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இரண்டு அறிக்கையும் முரண்பட்டால் மேல் ஆய்வகம் சொல்வதே முடிவு. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். பாலோ ஒரு பகலுக்குள் திரிந்துவிடும். அதனால் அலுவலரே மாதிரியில் சில சொட்டு ஃபார்மலின் விட்டு, விட்டதை எழுதியும் வைப்பார். பால்காரர் விட்டால் குற்றமாகும் பொருளை அலுவலர் சட்டப்படி விடுகிறார். விட்டது பதிவாகாமல் போனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு முதல் பிடி அதுவாகத்தான் இருக்கும்.

முடிவு எந்தப் பெட்டியில் விழுகிறது என்பதும் முக்கியம். பால் 'தரம் குறைந்தது' என்றால் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், சிறை இல்லை. 'பாதுகாப்பற்றது' என்றால் குற்றவியல் நீதிமன்றம். அதனால் உயிர் போயிருந்தால் குறைந்தது ஏழு ஆண்டு முதல் ஆயுள் வரை சிறை, 10 லட்சத்துக்குக் குறையாத அபராதம். தண்ணீர் ஊற்றியவரும் காஸ்டிக் சோடா ஊற்றியவரும் ஒரே தட்டில் வரக்கூடாது என்ற இந்தப் பிரிவினை சரியானது என்றே நினைக்கிறேன். பாலில் கலப்படம் என்ற செய்தியைப் படிக்கும்போது நாம் பெரும்பாலும் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

2011-ல் ஆணையம் நாடு முழுவதும் 1,791 மாதிரிகளை எடுத்து, 68.4 சதவீதம் தரத்தை எட்டவில்லை என்று அறிவித்தது. மூன்றில் இரண்டு பங்கு பால் விஷம் என்பது போல அந்தச் செய்தி ஊரெங்கும் பரவியது. அவற்றில் பெரும்பகுதி தண்ணீரும், கொழுப்பு நீக்கிய பால்பவுடரும் கலந்தவை. 2018-ல் இன்னும் விரிவாக, 50,000-க்கு மேல் மக்கள்தொகை கொண்ட 1,103 ஊர்களில் 6,432 மாதிரிகள் எடுக்கப்பட்டன. நாம் அதிகம் பயப்படும் யூரியா, சோப்புத்தூள், ஹைட்ரஜன் பெராக்சைடு, அமிலத்தன்மையை மறைக்கும் சோடா வகைகள் எல்லாம் சேர்த்து 12 மாதிரிகளில்தான் இருந்தன. கொழுப்பும் இதரச் சத்தும் குறைந்தவை ஏராளம். 156 மாதிரிகளில் மால்டோடெக்ஸ்ட்ரின், 78-ல் சர்க்கரை. இங்கே காசு இதரச் சத்துக்குப் போகிறது, ஆகவே கலப்படமும் அங்கே போகிறது. பாதுகாப்பற்றவை என்று ஒதுக்கப்பட்டவை 456. அவற்றில் 368 மாதிரிகளில் இருந்தது அஃப்ளடாக்ஸின் எம்-1. அதிகம் அகப்பட்டது தமிழ்நாட்டில்: 551 மாதிரிகளில் 88.

இதை யாரும் ஊற்றவில்லை. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய நிலக்கடலை, பருத்திக்கொட்டை, மக்காச்சோளம் ஆகியவற்றில் அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பிடிக்கிறது. அது சுரக்கும் நச்சுதான் அஃப்ளடாக்ஸின். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தபோது, அவற்றுக்குப் போட்ட பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் துருவிப் பார்த்துதான் இதைக் கண்டுபிடித்தார்கள். புற ஊதா ஒளியில் காட்டினால் நீலமாக ஒளிரும் பொருள் அது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால், கல்லீரல் அந்த நச்சைச் சற்று மாற்றி எம்-1 ஆக்கி, ஒரு சிறு பங்கைப் பாலில் விடுகிறது. கல்லீரல் புற்றுநோயோடு தொடர்புள்ள நச்சு என்பதால் இந்தியா கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. 20 லட்சம் லிட்டர் பாலில் ஒரு கிராம். ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு இதிலும் பத்தில் ஒரு பங்கு. பாலை எவ்வளவு காய்ச்சினாலும் எம்-1 அழியாது. பால்மானிக்கும், கெர்பர் குப்பிக்கும், உறைநிலைமானிக்கும் அது இருப்பதே தெரியாது. எந்த எண்ணும் துளி மாறாது. எம்-1-ஐப் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருள் தடவிய சோதனைப் பட்டையோ, திரவப் பகுப்புக் கருவியோ மட்டுமே காட்டும்.

இதில் தவறிழைத்தவர் என்று யாரைப் பிடிப்பது? மாடு வைத்திருப்பவருக்குத் தன் பாலில் நச்சு இருப்பது தெரியாது. கறுப்புப் படிந்த புண்ணாக்கு என்றால் விலை குறைவு, மாடும் தின்னும். மாதிரி எடுக்கப்பட்ட கடைக்காரர் பாக்கெட்டை வாங்கி விற்றவர். குளிரூட்டும் நிலையத்தில் நூறு மாட்டுப் பால் ஒன்றாகக் கலந்துவிட்ட பின் எந்தக் கொட்டகையின் புண்ணாக்கு என்று யார் சொல்ல முடியும்? பாக்கெட்டைப் பிடித்து அபராதம் போடும் முறை, பாலில் எதையாவது ஊற்றுகிறவருக்காக உருவானது. இந்த நச்சிடம் அது செல்லாது. சோதனை பின்னோக்கி நகர வேண்டும். சொசைட்டி வாரியாகப் பட்டைச் சோதனை செய்து, எந்தச் சொசைட்டியில் எம்-1 தென்படுகிறதோ அங்கே தீவனக் கிடங்குக்குப் போக வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 2052 தரத்தின்படி கலப்புத் தீவனத்தில் அஃப்ளடாக்ஸின் பி-1 கிலோவுக்கு 20 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. மூட்டைக்கு மேல் அந்த எண்ணை அச்சடிப்பதோடு நிற்காமல், மூட்டையைப் பிரித்து அளக்கிறவர்கள் வேண்டும். மாடு வைத்திருப்பவருக்கு அபராதச் சீட்டு தருவதைவிட, கடலையை நன்றாகக் காயவைக்கத் தார்ப்பாயும், தரையிலிருந்து உயர்த்திய அடுக்குப் பலகையும், நல்ல தீவனம் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கும் ஏற்பாடும் தருவது பாலைச் சுத்தமாக்கும்.

பலன் தெரிய மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். நச்சுத் தீவனம் தின்ற ஒரு நாளுக்குள் எம்-1 பாலில் தென்படுகிறது. தீவனத்தை மாற்றிய மூன்று, நான்கு நாட்களில் பாலிலிருந்து மறைந்துவிடுகிறது.